நான்கு கைகளும் இடது பக்கம்

அத்தை அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போடமாட்டாள். செருப்பு வந்த பெட்டியோ பல்பு வந்த பெட்டியோ, மூடியைத் தனியே கிழித்து, நான்கு விரல் அகலத்துக்குக் கத்தரித்து அடுக்கி வைத்துக்கொள்வாள். தேவைப்படும்போது ஒன்றை எடுத்து ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் ஒரு அழுத்து. ஃபிரிட்ஜுக்குப் பக்கவாட்டில் இடுப்பைக் கொடுத்து நெம்புவாள். அதன் இடது கால் தரையை விட்டு எழும்புகிற அந்த நொடியில், அட்டையைக் கால் பெருவிரலால் உள்ளே தள்ளிவிடுவாள். குனிவதே கிடையாது. அட்டை நசுங்கிப்போக நாலைந்து மாதமாகும். பிறகு மறுபடி ஒரு பெட்டி, மறுபடி ஒரு மூடி.

ஃபிரிட்ஜுக்கு மட்டுமல்ல. பீரோ, கட்டில், தையல் மெஷின், சாப்பாட்டு மேசை எல்லாவற்றுக்கும் இடது காலில் ஒரு மடித்த அட்டை உண்டு. சமையல் மேடையில் வைத்துப் பட்டாணி உரித்தால், மேடையின் இடது ஓரத்துக்குக் கீழே முதலில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுத்தான் உரிப்பாள். கை தவறுகிற பட்டாணி எல்லாம் தானாக உருண்டு போய் அதில் விழும். மாடியறையில் மூன்று வருடம் குடியிருந்தவன் நான். என் பேனாக்கள் எப்போதும் இடது சுவரோரம்தான் கிடைக்கும். ஏன் அத்தை இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"தரை அப்படி" என்றாள். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பதுபோல.

வீட்டைக் கட்டியவர் மாமா, என் அம்மாவின் தம்பி. கொத்தனார்களை வைத்துத்தான் கட்டினார், ஆனால் ஒரு கொத்தனாரையும் நம்பாமல் கட்டினார். செங்கல் வரிசை ஒவ்வொன்றிலும் தன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வரிசைக்கு அனுமதி. அந்த ரசமட்டம் ஒரு முழத்துக்குச் சற்று நீளமான மரச்சட்டம். ஓரங்களில் பித்தளை, நடுவில் ஒரு கண்ணாடிக் குழல், குழலுக்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் மட்டம். சட்டத்தின் ஒரு முனையில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கும். அந்த முனை வலது கைப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது மாமாவின் சட்டம். "கம்பெனி அடையாளம் மாப்ள. தெரியாதவன் எப்படி வேணா வெப்பான்." வைத்துவிட்டு ஒரு கண்ணை மூடி, மூச்சை நிறுத்தி, குமிழி அடங்கும்வரை காத்திருப்பார். வீட்டில் அந்த நேரத்தில் யாரும் தும்மக்கூடாது.

வீடு கட்டி முடித்த கையோடு கார் வாஷ் தொடங்கினார்கள். வண்டியை ஓட்டி வந்தவரே கழுவிக்கொள்கிற இடம். சுவர் வைத்துப் பிரித்த நான்கு தடுப்புகள், மேலே இரும்பு உத்தரமும் தகரக் கூரையும், தடுப்புக்கு ஒரு ஹோஸ், அதன் நுனியில் தண்ணீர்த் துப்பாக்கி. முன்னால் ஒரு கண்ணாடி அறை. அதில் அத்தை உட்கார்ந்து டோக்கன் கொடுப்பாள். அவள் கையெட்டும் தூரத்தில் ஒரு மைக், நான்கு தடுப்பிலும் ஒலிபெருக்கி.

"ரெண்டாம் நம்பர், சோப்பு போதும். அது வண்டி, எண்ணெய்ச் சட்டி இல்ல."

"நாலாம் நம்பர் சார், ஹோஸை மிதிக்காதீங்க. பாம்பா இருந்தா மிதிப்பீங்களா?"

"ஓனர் எங்கிருந்தாலும் வரவும். உங்க போனு இங்க அரை மணி நேரமா கத்துது. எனக்குக் காது ஒண்ணு ரெண்டுதான் இருக்கு."

ஹோஸ்தான் அந்த இடத்தின் தலைவலி. தரையில் கிடக்கும். வண்டிச் சக்கரம் ஏறும். இழுத்தால் பம்பர் மூலையில் உரசிக்கொண்டு வரும். துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை இணைப்பு இருக்கிறது, அது உரசினால் பெயின்டில் கோடு விழும். பதினாலு வருடமாக மாமா இதைச் சரிசெய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினாலு வருடமாக அத்தை மைக்கில் கத்திக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கோடு விழக்கூடாத வண்டியில் விழுந்தது. டாக்சி ஓட்டுநர் சங்கத் தலைவரின் புது வெள்ளைக் கார். சங்கத்தின் அறுபது வண்டிகளும் எங்களிடம்தான் குளிக்கும். வார நாட்களில் வேறு ஆளே கிடையாது. தலைவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மேலும் கீழும் ஓட்டினார்.

"தலைவரே, பழைய கோடு மாதிரி இருக்கே" என்றார் மாமா.

"வண்டி வாங்கி ஒம்பது நாளாச்சு. பழைய கோடு எங்கேருந்து வரும்? கம்பெனியிலேயே கிழிச்சுக் குடுத்தானா?"

கண்ணாடி அறைக்குள் அத்தை கண்களை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

"மாசக் கடைசி ஞாயிறு, காலையில பத்து மணிக்கு வருவேன்" என்றார் தலைவர். "ஹோஸு தரையில கிடக்கக் கூடாது. வண்டி மேலயும் படக் கூடாது. பட்டுச்சுன்னா அறுபது வண்டியும் எதிர்த்தாப்புல போயிரும்." எதிரே பெட்ரோல் நிலையத்தில் புதிதாக ஒரு இயந்திரம் வைத்திருந்தார்கள். வண்டியை உள்ளே விட்டால் அதுவே கழுவி அனுப்பிவிடும்.

அறுபது வண்டியும் போனால் கார் வாஷின் கேட்டைச் சாத்த வேண்டியதுதான். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அத்தை இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, சாதத்தை மாமாவின் பக்கம் தள்ளினாள்.

தீர்வு ஒன்றும் புதிரானதில்லை. பூம் என்று ஒரு சாமான் விற்கிறார்கள். உயரத்தில் பொருத்துகிற இரும்புக் கை, ஹோஸ் அதன் வழியாகப் போய் நுனியிலிருந்து தொங்கும். நாம் வண்டியைச் சுற்றி நடந்தால் கையும் தலைக்கு மேலே கூடவே சுற்றும். ஹோஸ் தரையைத் தொடாது. நல்ல மனிதர்கள் ஒரு நாளில் முடிவு செய்து வாங்கிவிடுவார்கள். மாமாவுக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

சுவரில் பொருத்தும் கை அரை வட்டம் சுற்றும். கூரையின் நடுவில் பொருத்துவது முழு வட்டம். நடுவில் முழங்கைபோல மடங்குகிற கையும் இருந்தது. படத்தைப் பார்த்து நம்பமாட்டார் அல்லவா, ஒத்திகை வேண்டும். கூடத்து விளக்குக் கொக்கியில் கயிற்றைக் கட்டி, துடைப்பக் கம்பை அதில் குறுக்காகத் தொங்கவிட்டார். கம்பின் நுனியில் குளியலறைக் குழாய். சாப்பாட்டு மேசைதான் கார்.

"ஏம்மா, அப்படியே நாற்காலியில இரு. நீதான் பின் பம்பர்."

"நான் பின் பம்பரா?"

"அசையாத."

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழிச்சு நல்ல பேராத்தான் வெச்சிருக்கீங்க."

மாமா குழாயைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் கம்பு அத்தையின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போனது. அவள் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பம்பர்ல கோடு விழுந்திருச்சு. தலைவர்கிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

ஆனாலும் ஒத்திகையில் ஒரு விஷயம் தெளிந்தது. சுவரில் பொருத்தினால் அடுத்த பக்கத்தைக் கழுவ ஹோஸ் வண்டியின் மேலேயே படுத்துக்கொள்ளும். ஆகவே கூரையின் நடுவில், முழு வட்டம். அடுத்தது நீளம். நடுவிலிருந்து சுவர்வரை ஏழடி. கை அதைவிட அரையடியாவது குட்டையாக இருக்க வேண்டும் என்று படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தது. மாமாவுக்கு எட்டடி வேண்டும்.

"நீளமா இருந்தா நல்லதுதானே?"

"எதுக்கு? சுவத்த இடிச்சு வெளிய வந்து ரோட்டுல போறவனையும் கழுவுறதுக்கா?"

இதற்கு மூன்று நாள் போயிற்று. விற்கும் கம்பெனியில் தொலைபேசி எடுக்கிற பெண்ணுக்கு மாமாவின் குரல் மனப்பாடமாகிவிட்டது. ஒருவழியாக ஆறரை அடியில், துருப்பிடிக்காத எவர்சில்வர் கைகள் நான்கு வந்து இறங்கின. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள்.

பொருத்துகிற அன்று காலையில் ரசமட்டத்தைக் காணவில்லை. மாமா பீரோவைக் கவிழ்த்தார், கட்டிலடியில் டார்ச் அடித்தார், என் மாடியறைவரை வந்து புத்தக அடுக்கைக் கலைத்தார். கடைசியில் அது அழுக்குத் துணிக் கூடைக்குள், இரண்டு போர்வைகளுக்கு அடியில் இருந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"துவைக்கப் போட்டிருப்பேன்" என்றாள் அத்தை, திரும்பாமலே. "ஃபிட்டர் வர்றாரே, அவரு மட்டத்த வெச்சே மாட்டட்டுமே. அது அவரு தொழில்."

"அவருகிட்ட இருக்கிறது பிளாஸ்டிக்கு."

ஃபிட்டர் பேச்சுக் குறைந்த மனிதர். உத்தரத்தில் துளை போட்டு, கையைத் தாங்கும் தகட்டை நான்கு போல்ட்டில் தூக்கி முடுக்கி, தன் மஞ்சள் பிளாஸ்டிக் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். "அண்ணே, சரியா உக்காந்திருச்சு."

"இறங்குங்க."

மாமா ஏணியில் ஏறினார். சிவப்புப் புள்ளி வலது கைப் பக்கம். ஒரு கண்ணை மூடினார். நானும் ஃபிட்டரும் எங்களை அறியாமல் மூச்சை நிறுத்தினோம்.

"சாஞ்சிருக்கு. இடது பக்கம் தூக்கலா இருக்கு. ரெண்டு போல்ட்டுலயும் ரெண்டு ரெண்டு வாஷர் போட்டு இறக்குங்க."

வாஷர் போட்டு இறக்கினார். பிறகு மஞ்சள் மட்டத்தை வைத்துப் பார்த்தார். "அண்ணே, இப்பத்தான் சாஞ்சிருக்கு."

"உங்க மட்டத்த மாத்துங்க."

ஃபிட்டர் என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன். ஒலிபெருக்கி கரகரத்தது. "தொழில் தெரிஞ்சவர் சொல்றதக் கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்?" மாமா கண்ணாடி அறையின் பக்கம் திரும்பாமல், கொசு விரட்டுவதுபோலக் கையை ஆட்டினார். நான்கு தடுப்பிலும் இதே பேச்சு, இதே வரிசையில். மொத்தம் பதினாறு வாஷர். ஃபிட்டர் கைகளை மாட்டி, ஹோஸ்களைப் பூட்டி, ஏணியை மடக்கிக்கொண்டு போனார்.

நான்கு கைகளும் நேராகத்தான் நின்றன, யாராவது பிடித்துக்கொண்டிருக்கும்வரை. விட்டால் மெதுவாக, இடது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, இடது பக்கம் போயின. ஒன்றாம் தடுப்பில், இரண்டில், மூன்றில், நான்கில். தள்ளிவிட்டால் சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் அதே சுவர். போகிற கை, தன்னில் தொங்குகிற ஹோஸையும் கூடவே இழுத்தது. ஆள் துப்பாக்கியைக் கீழே விட்டுவிட்டு ஸ்பாஞ்சை எடுத்தால், ஹோஸ் வண்டியின் கூரையை நிதானமாகத் தடவிக்கொண்டு போய், பித்தளை இணைப்பால் பக்கக் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டும். முன்பு தரையில் கிடந்து பம்பரைக் கீறியது. இப்போது உயரத்தில் நின்று மொத்த வண்டியையும் பார்த்துக்கொண்டது.

"காத்து" என்றார் மாமா, முதல் நாள்.

இரண்டாம் நாள், "புது ஹோஸ், முறுக்கு இருக்கும். பழகிடும்."

மூன்றாம் நாள் கம்பெனிக்குப் போன் போட்டார். பெண் பொறுமையாகச் சொன்னாள். "சார், மேல இருக்கிற தகடு மட்டமா இருக்கான்னு பாருங்க. துளி சாஞ்சிருந்தாலும் கை அந்தப் பக்கம் போயிடும்."

"மட்டம் பாத்தது நான்மா."

"யாரு பாத்தாலும் மட்டமா இருக்கணும் சார்."

நான்காம் நாள் கையின் வலது பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டார். அது சோப்பு நுரை போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் தோளில் போய் இடித்தது. "மூணாம் நம்பர் சார், மன்னிச்சிருங்க, அது டப்பா" என்று மைக்கில் கேட்டது. பிறகு மைக்கை அணைக்க மறந்த ஒரு நீண்ட பெருமூச்சு. அந்த வாரம் முழுக்க வீட்டில் மாமாவிடம் அத்தை பேசியது மொத்தம் இருபது சொல் இருக்கும். அதில் பத்து "சாப்பிடுங்க".

கை சுற்றுகிற பியரிங்கில்தான் கோளாறு என்று மாமா முடிவு கட்டி, ஞாயிறு காலை ஃபிட்டரைக் கெஞ்சிக் கூப்பிட்டிருந்தார். அவர் ஏணியோடு வந்து நிற்கும்போதே தலைவரும் வந்துவிட்டார். மணி ஒன்பது நாற்பதுதான். வெள்ளைக் காரை ஒன்றாம் தடுப்பில் நிறுத்தினார். பின்னாலேயே ஏழெட்டு டாக்சிகள் வந்து தெருவில் நின்றன. ஓட்டுநர்கள் இறங்கிக் கைகட்டிப் பார்த்தார்கள்.

தண்ணீர் அடிக்கும்வரை எல்லாம் அழகாக இருந்தது. தலைவர் வண்டியைச் சுற்றி நடந்தார், கை தலைக்கு மேலே சுற்றியது. "ம், பரவாயில்ல" என்றார். பிறகு துப்பாக்கியை விட்டுவிட்டு ஸ்பாஞ்சுக்காகக் குனிந்தார்.

கை புறப்பட்டது. ஹோஸ் வெள்ளைக் கூரையின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. பித்தளை இணைப்பு கண்ணாடியைத் தட்டுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது தலைவர் எட்டிப் பிடித்துவிட்டார்.

"என்னய்யா இது, தானா நடக்குது?"

"பியரிங் தலைவரே. இப்ப மாத்திருவோம், இதோ..."

"ஒரு மாசம் குடுத்தேன்." தலைவர் ஸ்பாஞ்சை வாளியில் போட்டார். சட்டைப் பையில் சாவியைத் தேடினார். தெருவில் ஒருவன் எதிரே பெட்ரோல் நிலையத்தைத் திரும்பிப் பார்த்தான்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"என்னங்க."

மாமா நிமிர்ந்தார். ஒரு வாரமாக அந்தச் சொல்லை அவள் சொல்லியிருக்கவில்லை.

"ரசமட்டத்த எடுத்துக்கிட்டு ஏணியில ஏறுங்க."

"பாத்தாச்சும்மா! நூறு தடவ பாத்தாச்சு!" என்று கண்ணாடி அறையைப் பார்த்துக் கத்தினார்.

"நூத்தியோராவது தடவ பாருங்க."

தலைவர் சாவியோடு நின்றுவிட்டார். மாமா ஏறினார். தகட்டில் மட்டத்தை வைத்தார். "நடுவுலதான் நிக்குது! யாரு வேணா வந்து பாருங்க!"

"இப்ப அதத் திருப்பி வைங்க. சிவப்புப் புள்ளி இடது கைப் பக்கம்."

"அது வலது கைக்குத்தான்..."

"திருப்புங்கங்கறேன்ல!" நான்கு ஒலிபெருக்கியும் சேர்ந்து சொன்னது. தெருமுனைவரை கேட்டிருக்கும்.

மாமா திருப்பி வைத்தார். ஒரு கண்ணை மூட மறந்துவிட்டார். கீழே நின்ற எனக்கே தெரிந்தது. குமிழி நடுவில் நிற்கவில்லை. சரசரவென்று ஒரு முனைக்கு ஓடி அங்கேயே ஒட்டிக்கொண்டது.

நல்ல ரசமட்டத்துக்கு வலது இடது கிடையாது. எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே சேதிதான் சொல்ல வேண்டும். இது திருப்பினால் வேறு சொன்னது. உள்ளே கண்ணாடிக் குழலே கோணலாக உட்கார்ந்திருந்தது.

"என்னாச்சு?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்ல தலைவரே" என்றார் ஃபிட்டர். அந்த வாரத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அடுத்து வந்தது. "இவ்வளவு நாளா மட்டம்தான் மட்டமா இல்ல, அதுக்கு நாங்க பதினாறு வாஷரை வெச்சு மரியாத பண்ணியிருக்கோம்."

மாமா ஏணியிலிருந்து இறங்கி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ஃபிட்டர் முதல் தடுப்பின் நான்கு வாஷர்களைக் கழற்றி, போல்ட்டை முடுக்கினார். கையை வலது பக்கம் தள்ளினார், அங்கேயே நின்றது. இடது பக்கம் தள்ளினார், அங்கேயே நின்றது. தலைவர் தானே மூன்று முறை தள்ளிப் பார்த்தார். பிறகு ஸ்பாஞ்சை வாளியிலிருந்து எடுக்க வந்தால், வாளியின்மேல் மாமா.

"எந்திரிங்க, கழுவணும்ல" என்றார் தலைவர்.

இருபது நிமிடம் கழுவினார். ஹோஸ் வண்டியைத் தொடவில்லை. போகும்போது சொன்னார். "சரி. பசங்கள இங்கயே வரச் சொல்றேன். ஆனா அந்த மைக்க மட்டும் கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்லுங்க."

மாலையில் மாமா ரசமட்டத்தோடு வீட்டுக்கு வந்து நேராகச் சமையலறைக்குப் போனார். மேடையில் ஒரு பக்கமாக வைத்தார், திருப்பி வைத்தார். கூடத்துக்குப் போனார். ஜன்னல் விளிம்பு, பீரோ நிற்கும் தரை, படுக்கையறைக் கதவின் நிலை. அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்வதைப் பதினாலு வருடம் "நல்ல கீலு" என்று சொல்லிவந்தவர். கடைசியில் ஃபிரிட்ஜ் முன்னால் குந்தி உட்கார்ந்து, இடது காலுக்கு அடியிலிருந்த மடித்த அட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இடிக்கிற பேச்சு எடுத்தீங்க, நான் கார் வாஷ்லயே போய்ப் படுத்துக்குவேன்" என்றாள் அத்தை, அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

"நான் ஒண்ணும் சொல்லலியே." ரசமட்டத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டார். "உனக்கு எப்படித் தோணுச்சு, திருப்பி வெச்சுப் பாக்கணும்னு?"

"சும்மா ஒரு யோசனை."

அவர் அட்டையைக் கைவிரலால் மறுபடி உள்ளே தள்ளினார். குனிந்துதான் தள்ளினார், பழக்கமில்லை.

இரண்டு மாதம் கழித்து அம்மாவிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். அத்தையின் மூளையை நான் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"அவளுக்கு வீடு கட்டும்போதே தெரியும்டா. சமையல் மேடை போட்ட அன்னிக்கு, இவன் சாப்பிடப் போன நேரத்துல திருப்பி வெச்சுப் பாத்திருக்கா. என்கிட்ட மட்டும் சொன்னா. இவனானா அந்த மேடையத் தடவித் தடவிப் பாத்துட்டு நிக்கிறான். சொன்னா மொத்தத்தையும் இடிச்சுட்டு மறுபடி ஆரம்பிப்பான் அண்ணி, எனக்குத் தெம்பு இல்லன்னுட்டா."

"பதினாலு வருஷமாவா?"

"அந்தச் சிவப்புப் புள்ளி எது தெரியுமா? அவ நகப்பூச்சு. அதுக்கு முன்னாடி இவன் கைக்கு வந்த பக்கமா வெப்பான். ஒரு சுவர் இப்படிச் சாஞ்சுது, ஒரு சுவர் அப்படிச் சாஞ்சுது. இப்படியே போனா நாளைக்கு எந்தக் காலுக்கு அட்டை வெக்கிறதுன்னே தெரியாது, தரையாவது ஒரே பக்கமாச் சாயட்டும்னு அவதான் புள்ளி வெச்சா. கம்பெனி அடையாளம், வலது கைப் பக்கம் வரணும்னு இவன்கிட்ட சொன்னதும் அவதான்."